திருமறை எழுதப்பட்ட மை: கரி மையின் வரலாறும் கலைப்பயனும்

புதிய ஏற்பாட்டில் எழுதும் மையைப் பற்றிய பேச்சு மூன்றே இடங்களில் வருகின்றது. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், அச்சபையாரையே தமது நற்சாட்சி நிருபமாகக் காட்டுமிடத்து ஒருமுறை வருகின்றது. யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்களின் இறுதியில், எழுதி அனுப்புவதினும் நேரிற் கண்டு பேசுதலே தமக்கு விருப்பம் என்று மூப்பர் கூறுமிடத்து இருமுறை வருகின்றது. மூன்றிடத்தும் கிரேக்கச் சொல் 'மெலான்' என்பதே. அதன் நேர்ப்பொருள் 'கறுப்பானது' என்பதாம். நம் மொழியிலும் அவ்வாறே. 'மை' என்றால் கருமை. கண்ணுக்கு இடும் அஞ்சனமும் மை. எழுதும் பொருளும் மை. சிவப்பு மை, பச்சை மை என்று இந்நாளில் நாம் கூசாமற் பேசுகின்றோம்; சொல்லின் வேரை எண்ணிப் பார்ப்பின் அது முரண்பாடே.

விளக்கவுரைகள் பல இச்சொல்லை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. அந்த மை எப்பொருளால் ஆனது, எவ்வாறு ஒட்டிற்று, எவ்வாறு அழிந்தது என்று கேட்பார் இலர். ஆயினும் இக்கேள்விகளுக்கு விடை காண்போர்க்குத் திருமறையின் சில சொற்கள் புதுத்தெளிவு பெறும் என்பது நாம் வகுப்பறையிற் பலமுறை கண்டது. ஆகவே இக்கட்டுரையில் அம்மையின் கதையைச் சற்று விரிவாகவே கூற எண்ணுகின்றோம். மறைநூற் பகுதிகளோடு நில்லாமல், அம்மை ஓவியருடைய கையில் அடைந்த உயர்வையும் காண்போம்.

கரி மையின் உறுப்புகள் மூன்று: புகைக்கரி, பிசின், நீர். எண்ணெயோ மெழுகோ மரப்பிசினோ போதிய காற்றின்றி எரியும்பொழுது எழும் புகையில் மிக நுண்ணிய கரித்துகள்கள் உள்ளன. அவற்றைக் குளிர்ந்த பரப்பொன்றிற் படியச்செய்து வழித்தெடுத்தால் புகைக்கரி கிடைக்கும். நம் இல்லங்களில் அகல்விளக்கின் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுத்த தாய்மார் இம்முறையை நன்கறிவர். அக்கரியை வேலம்பிசின் கரைத்த நீரிற் குழைத்தால் எழுதும் மையாகின்றது. பிசின் இரண்டு வேலைகளைச் செய்கின்றது. துகள்கள் ஒன்றோடொன்று கூடி அடியில் தங்காதபடி அவற்றைப் பிரித்து நிறுத்துவது ஒன்று. உலர்ந்தபின் அவற்றை எழுதுபரப்பிற் பிடித்துவைப்பது மற்றொன்று. கரியோ வெயிலுக்கு வெளுக்காது, காற்றோடு கூடி மாறாது, அமிலத்துக்கும் அசையாது. சாயங்கள் யாவும் நாளடைவில் நிறம் இழக்க, இது மட்டும் எழுதிய நாளின் கருமையோடே நிற்கின்றது.

இம்மையின் தொன்மைக்கு எகிப்து நாடே தலையாய சான்று. செங்கடற்கரையிலுள்ள வாடி அல்-ஜார்ஃப் என்னுமிடத்தில் 2013ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட பாப்பிரசு ஏடுகள், மாபெரும் கூர்ங்கோபுரத்தை எழுப்பிய கூஃபு மன்னனின் காலத்தவை. அவற்றுள் ஒன்று, மெரேர் என்னும் மேற்பார்வையாளன் தூராவிலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற நாட்குறிப்பாகும். ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முன் கறுப்பிலும் சிவப்பிலும் எழுதப்பட்ட அவ்வரிகள் இன்றும் படிக்கத்தக்கன. எகிப்திய எழுத்தரின் மரத்தட்டில் இரு குழிகள் இருந்தன: கரிக்கு ஒன்று, செங்காவிக்கு ஒன்று. உடற்பகுதி கறுப்பிலும் தலைப்பும் தொடக்கமும் சிவப்பிலும் எழுதுவது அவர் வழக்கம்.

உரோமர் இதனைப் பெருந்தொழிலாக நடத்தினர். கட்டடக்கலை ஆசிரியராகிய வித்ருவியசு தமது ஏழாம் நூலில் புகைக்கரிக் கூடம் ஒன்றை வருணிக்கின்றார். வளைந்த கூரையும் மெழுகிய சுவரும் உடைய சிறு அறை. அதனருகே ஒரு சூளை. சூளையில் மரப்பிசினை எரித்தால் புகை துளைகளின் வழியே அறைக்குட் புகுந்து சுவர்களிற் கரியாய்ப் படியும். வழித்தெடுத்த கரியைப் பிசினோடு சேர்த்தால் எழுதும் மை; வச்சிரப்பசையோடு சேர்த்தால் சுவர் தீட்டுவார்க்கு வண்ணம். பிளினியோ மேலும் ஒரு சுவையான செய்தி தருகின்றார்: எட்டிபோற் கசக்கும் மாசிபத்திரியின் இனத்ததொரு பூண்டின் சாற்றை மையிற் கலந்தால் எலிகள் ஏட்டைக் கடிப்பதில்லையாம். நூலகம் காப்போர் கவலை எக்காலத்தும் ஒன்றே போலும். இந்தியாவிலிருந்து வந்த கறுப்பு ஒன்றையும் அவர் குறிப்பிட்டு, அதன் செய்முறை தமக்கு விளங்கவில்லை என்கின்றார்.

எபிரெயத்தில் மைக்குப் பெயர் 'தெயோ'. பழைய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் எரேமியா முப்பத்தாறாம் அதிகாரத்தில் ஒரே முறை வருகின்றது. தீர்க்கதரிசி சொல்லச்சொல்லத் தான் மையினால் எழுதியதாகப் பாரூக்கு பிரபுக்களுக்கு விடை கூறுகின்றான். யோயாக்கீம் அரசன் குளிர்கால மாளிகையில் கணப்பின்முன் அமர்ந்து, சில பத்திகள் வாசிக்கப்பட்டதும் சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பிலிட்டதை நாம் அறிவோம். நெருப்பிற் பிறந்த மை மீண்டும் நெருப்பிற் கலந்தது. இந்நிகழ்ச்சி நடந்தது கி.மு. 604ஆம் ஆண்டின் மார்கழிக் குளிரில் என்பர். பாரூக்கு மறுபடியும் மை கூட்டி எழுத உட்கார்ந்தான். அதனாலன்றோ அந்த ஆகமம் நம் கையிலிருக்கின்றது.

இனி, இம்மையின் தனிப்பண்பு ஒன்றைக் கூறவேண்டும்; நம் கட்டுரையின் கருத்து இதனைச் சார்ந்தே நிற்கின்றது. பாப்பிரசிலும் பதனிட்ட தோலிலும் கரி மை உட்புகுவதில்லை; மேலே படிந்து நிற்கும். நிறம் மாறாத இதே மை, ஈரத்துணி ஒன்றுக்கு இளகிவிடும். பிசின் நீரிற் கரைய, துகள்கள் கையோடு வந்துவிடுகின்றன. நூற்றாண்டுகளை வெல்லும் எழுத்து ஒரு கைந்நீருக்குத் தோற்றது. பண்டை எழுத்தன் பிழை நேர்ந்தால் அடித்தெழுதவில்லை. நனைந்த பஞ்சினால் துடைத்துவிட்டு அவ்விடத்திலேயே மீண்டும் எழுதினான்.

எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஆசாரியன் சாபவார்த்தைகளை எழுதி அவற்றைக் கசப்பான நீரிற் கழுவவேண்டும் என்னும் கட்டளை இம்மையை வைத்தே பொருள்படுகின்றது. பிற்காலத்து யூத அறிஞர் இதனைக் கூர்ந்து நோக்கினர். ரபி மெயிர் என்பவர் தொழிலால் எழுத்தர். ஓரெழுத்தைக் கூட்டினும் குறைத்தினும் உலகையே அழித்தவனாவாய் என்று ரபி இஸ்மவேல் அவரை எச்சரித்தாராம். மெயிர், தாம் மையில் 'கங்கந்தும்' என்னும் பொருளைக் கலப்பதுண்டு என்று கூற, அதற்கு இஸ்மவேல் தடை சொன்னார். அப்பொருள் அன்னபேதி போன்ற உலோக உப்பு என்பர்; அது சேர்ந்தால் மை தோலைக் கவ்விக்கொள்ளும். கவ்விக்கொண்ட எழுத்தைக் கழுவ முடியாது. கழுவ முடியாத எழுத்தால் மேற்கூறிய கட்டளையை நிறைவேற்றவும் முடியாது. தல்மூதில் இடம்பெற்ற இவ்வுரையாடல் நமக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். ஆயின் மையின் தன்மை மறைநூற் சட்டத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவ்விடத்தில் நம் தமிழ் வேதாகமத்தின் சொற்களைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 'எக்ஸலெய்ஃபோ' என்னும் கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் ஐந்து முறை வருகின்றது. அதன் பொருள் துடைத்தெடுத்தல். மையை ஈரத்தாற் போக்குதலுக்கு வழங்கிய சொல் அதுவே. கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தில் நமக்கு எதிராயிருந்த கடன்சீட்டு துடைக்கப்பட்டது என்னுமிடத்து, நம் பழைய மொழிபெயர்ப்பு 'குலைத்து' என்கின்றது. வெளிப்படுத்தல் மூன்றாம் அதிகாரத்தில் ஜீவபுத்தகத்துப் பெயரைப் பற்றிய இடத்தில் 'கிறுக்கிப்போடுதல்' என்கின்றது. அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தில் பாவங்களைப் பற்றி 'நிவிர்த்தி' என்கின்றது. அதே வினை கண்ணீரைப் பற்றி வரும் இரண்டிடத்தில் மட்டும் 'துடைப்பார்' என்று நேராகப் பெயர்த்துள்ளது. மூலத்தில் ஒரே கையின் ஒரே செயலாக நின்றது தமிழில் நான்காகப் பிரிந்துவிட்டது.

இதனைக் குறையாக நாம் சொல்லவில்லை. 'கிறுக்கிப்போடு' என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப்பார்க்கவேண்டும். யாத்திராகமம் முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் மோசேயின் மன்றாட்டிலும் அச்சொல்லே உள்ளது. தமிழர் எழுதியது ஓலையில். எழுத்தாணி ஓலையைக் கீறிச் செல்லும். கீறலில் நிறம் இல்லை. பின்னர் விளக்குக் கரியையோ இலைக்கரியையோ எண்ணெயிலும் ஊமத்தை, கோவை போன்றவற்றின் இலைச்சாற்றிலும் குழைத்துத் தடவித் துடைத்தால், கரி கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்தைக் காட்டும். இங்கே மை எழுதவில்லை, எழுதியதை விளங்கச்செய்கின்றது. அதைக் கழுவினாலும் எழுத்துப் போகாது; மறுபடி கரி தடவினால் தோன்றிவிடும். அத்தகைய எழுத்தைப் போக்க ஒரே வழி மேலே கீறிக் கிறுக்குவதே. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு ஐயரும், நம் எழுத்துகளை மணலில் எழுதிப் பயின்றபின், ஓலைச்சுவடிகளோடு பழகினார். ஓலையோடு பழகிய செவிக்குக் 'கிறுக்கிப்போடு' என்பதே இயல்பாய் ஒலித்திருக்கும் என்பது நம் கருத்து. ஆனால் இரண்டிற்கும் பொருள்வேறுபாடு சிறிதன்று. கிறுக்கிய ஓலையிற் பழைய கீறல் அடியிற் கிடக்கும்; கழுவிய சீட்டில் ஒன்றுமே எஞ்சாது. கொலோசெயர் பகுதியைப் போதிப்போர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது நன்று.

நிற்க. உலோக உப்புச் சேர்ந்த மையைப் பற்றி இரண்டு சொல் போதும். மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும் கூடி, காற்றுப்பட்டுக் கருக்கும் அம்மை, தோலின் நாரோடு ஒன்றிவிடுவதால் நீருக்கு அஞ்சாது. நான்காம் நூற்றாண்டின் சீனாய்ச் சுவடி அவ்வகை மையால் எழுதப்பட்டது. அதன் எழுத்து இன்று பழுப்பாய்த் தோன்றுவதும் அதனாலேயே. ஐரோப்பா நெடுங்காலம் அதனையே நம்பிற்று. ஆனால் அம்மையில் அமிலம் உண்டு. யோகான் செபாஸ்டியன் பாக் தம் கையாலெழுதிய இசைத்தாள்கள் பல, எழுதிய இடமே பிளந்து உதிர்ந்துபோகும் நிலையை எய்தின. கரி மை தான் அழிந்தாலும் ஏட்டை அழிப்பதில்லை. இரும்பு மையோ தான் நிற்க ஏட்டைத் தின்றுவிடும்.

கரி மையை ஒரு பெருங்கலையாக வளர்த்தவர் சீனர். ஹூபெய் மாநிலத்துச் சூய்ஹூதிக் கல்லறைகளில் 1975இல் தொடங்கிய அகழ்வில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் மைக்கட்டியும் அதனை உரைக்கும் கல்லும் கிடைத்தன. சீனர் மையை நீராக வைத்திருக்கவில்லை; கரியை விலங்குப் பசையோடு பிசைந்து அச்சிலிட்டு உலர்த்திக் கட்டியாக்கினர். வேண்டியபோது கல்லிற் சிறிது நீர்விட்டு உரைத்துக்கொண்டனர். நாம் சந்தனம் இழைப்பது போல என்க.

சொங் யிங்ஷிங் என்பவர் 1637இல் வெளியிட்ட தொழில்நூல் இதன் செய்முறையை நுணுக்கமாகக் கூறுகின்றது. தேவதாரு இனத்துப் பைன் மரத்தில் பிசின் எஞ்சியிருந்தால் மை தடையின்றி ஓடாது. ஆகவே மரத்தை வெட்டுமுன் அடியில் ஒரு துளையிட்டு உள்ளே விளக்கேற்றி வைப்பர்; வெப்பத்தினால் பிசின் முழுதும் கசிந்து வெளியேறும். பின்னர் மரத்தைத் துண்டாக்கி, மூங்கிற் பாயாலும் தாளாலும் மூடிய நீண்ட கூண்டின் ஒருமுனையில் எரிப்பர். பல நாள் எரித்து ஆறவிட்டு உள்ளே சென்று கரியைச் சுரண்டுவர். நெருப்புக்கு மிகத் தொலைவிலுள்ள கோடியிற் படிந்ததே மிக நுண்ணியது. முதல்தரமான மை அதனால் ஆகும். நடுவிற் படிந்தது இடைத்தரம். நெருப்பின் அருகே படிந்த பருங்கரி அச்சுக்கூடத்தார்க்கும் வண்ணம் பூசுவார்க்கும் விற்கப்பட்டது. எண்ணெய்க் கரி இதனினும் உயர்ந்தது. ஒரு ஜின் துங் எண்ணெய் எரித்தால் உயர்ந்த கரி ஒரு லியாங்குக்குச் சற்று மேலாகவே கிடைக்கும்; ஒரு ஜின் என்பது 16 லியாங். கைவிரைவுள்ள ஒருவன் இருநூறு விளக்குகளைக் கவனிப்பானாம். தாமதித்து வழித்தால் கரி கருகிப் பயனற்றுவிடும். இருநூறு சுடர்களுக்கு நடுவே ஒருவன் இரவுபகலாய் நடந்த நடையை அம்மையால் எழுதியோர் எத்தனைபேர் நினைத்திருப்பர்!

பதினொன்றாம் நூற்றாண்டின் பேரறிஞராகிய ஷென் குவோவின் குறிப்பொன்று நம் காலத்துக்கும் உரியது. மைக்காகவும் பிற தேவைகளுக்காகவும் பைன் காடுகள் அழிந்துவருவதை அவர் கண்டார். சாந்துங் பகுதியின் காடுகள் தீர்ந்துவிட்டன என்றும், தைஹாங் மலைத்தொடரிலும் பெரும்பகுதி மொட்டையாயிற்று என்றும் எழுதிவைத்தார். அதற்கு மாற்றாக, சென்சிப் பகுதியில் நிலத்திலிருந்து ஊறிய கல்லெண்ணெயின் புகையைச் சேர்த்து மை செய்து பார்த்தார். அது பைன் மையினும் பளபளத்தது. இது பிற்காலத்தில் உலகெங்கும் பரவும் என்றும் துணிந்து கூறினார். இன்று தொழிற்சாலைகளில் ஆகும் கரித்தூளிற் பெரும்பகுதி கல்லெண்ணெயிலிருந்தே வருகின்றது.

இக்கலை யப்பானுக்கு 610ஆம் ஆண்டில் கொரிய துறவி ஒருவர் வழியே சென்றதென்று அந்நாட்டுப் பழைய வரலாற்றுநூல் கூறும். நாரா நகரில் 1577 முதல் நடைபெற்றுவரும் கோபாயென் என்னும் மைச்சாலை குளிர்காலத்தில் மட்டுமே மை பிசைகின்றது. வெயிற்காலத்திற் பசை அழுகிவிடும். தொழிலாளர் கையாலும் காலாலும் மிதித்துப் பிசைந்து, அச்சிலிட்டு, மரச்சாம்பலுக்குள் புதைத்து ஈரத்தை மெல்ல மெல்ல வாங்குகின்றனர். அவசரப்பட்டு உலர்த்தினால் கட்டி வெடித்துவிடும்.

இத்துணை உழைப்பின் பயனை ஓவியத்திற் காணவேண்டும். கறுப்பு ஒரு நிறந்தானே என்று நாம் எண்ணுகின்றோம். கிழக்காசிய ஓவியரோ மை ஒன்றிலேயே ஐந்து நிறமும் அடங்கும் என்றனர். ஒன்பதாம் நூற்றாண்டினராகிய சாங் யென்யுவான் ஓவிய வரலாற்றில் இக்கருத்தைக் காணலாம். உலர்ந்தது, ஈரமானது, செறிந்தது, நீர்த்தது என மை மாற, மலையும் மூடுபனியும் நீரும் தோன்றும். பைன் கரியில் நீலச்சாயல் உண்டு. எண்ணெய்க் கரியில் பழுப்புச்சாயலும் பளபளப்பும் உண்டு. தாளோ மையை உடனே உறிஞ்சும். தோலிலும் பாப்பிரசிலும் துடைத்தெடுக்க இடமிருந்தது. இங்கே தூரிகை தொட்டது தொட்டதே. கரித்துகள் தாளின் நாருக்குள் சென்று பசை இறுகியபின், ஓவியத்தை நீரால் நனைத்துப் பின்தாள் ஒட்டினாலும் கலைவதில்லை. ஒரே மை, தோலில் அழியத்தக்கதாகவும் தாளில் மாற்றவொண்ணாததாகவும் ஆயிற்று.

நாமும் ஒருமுறை மைக்கட்டி ஒன்றை வாங்கி உரைத்துப் பார்த்தோம். கால்மணி நேரம் மெல்ல உரைக்கவேண்டியதை ஐந்து நிமிடத்தில் முடித்தோம். கிடைத்தது கறுப்பன்று, சாம்பல் நீர். தூரிகையை வைத்த இடத்தில் வட்டமாய்ப் பரவியது. அருளுரை ஆயத்தத்திலும் நமக்கு இதே குற்றம் உண்டென்று வீட்டார் கூறினர்.

மூச்சி என்னும் சீனத் துறவி பதின்மூன்றாம் நூற்றாண்டில் தீட்டிய ஆறு கனிகளின் படம் இன்று கியோத்தோவின் தைத்தோக்கு ஆலயத் தொகுதியில் உள்ளது. வெறுந்தாளின் நடுவே ஆறு பழங்கள். தட்டில்லை, மேசையில்லை, நிழலில்லை. ஒன்று முழுக் கறுப்பு, இரண்டு வெறும் வரைகோடு, மற்றவை இடைப்பட்டன. நெடுநேரம் நோக்கினால் ஒவ்வொன்றின் எடையும் வேறென்று தோன்றும். யப்பானியத் துறவி செஷ்ஷூ 1467இல் சீனம் சென்று பயின்று திரும்பியவர். அவர் 1495இல், எழுபது வயதைக் கடந்தபின், தம் மாணவனுக்கு விடைகொடுக்கும்போது தீட்டித் தந்த 'சிதறிய மை' நிலக்காட்சி தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அருகில் நின்று பார்த்தால் கறைகள். தள்ளி நின்றால் மலை, மரம், குடிசை, படகு. மாணவன் கேட்டது ஆசிரியரிடம் பயின்றமைக்கு ஒரு சான்று. கிடைத்தது சில நொடிகளில் வீசிய மை. அதற்குப் பின்னே எத்தனை ஆண்டுப் பயிற்சி நின்றதென்பதை அம்மாணவன் அறிந்திருப்பான்.

இம்மரபு நம் நாட்டிற்கும் வந்தது. 1903இல் யப்பானிய ஓவியர் யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தாவில் தங்க, அபனீந்திரநாத் தாகூர் அவர்கள் நீர்வண்ணத்தைக் கையாண்ட முறையைக் கவனித்துத் தமதாக்கிக்கொண்டார். நந்தலால் போசு 1924இல் கவி தாகூருடன் சீனமும் யப்பானும் சென்றுவந்தபின் சாந்திநிகேதனத்தில் கரி மையும் தூரிகையும் மாணவர் கையில் நிலைபெற்றன. தமிழ்நாட்டில் ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல், அவரைக் கறுப்பு மைக் கோடுகளிலேயே பல படங்களாக வரைந்தார். கோடுகள் பின்னிப் பின்னி அம்முகத்தின் மேடுபள்ளங்களாவதைக் கண்டோர் மறவார். மேலைநாட்டினர் சீன மையை 'இந்திய மை' என்று பதினேழாம் நூற்றாண்டு முதலே தவறாய் அழைத்துவந்தனர். நம் ஓவியரோ அப்பெயருக்குப் பின்னாளில் ஒருவகை நியாயம் தேடித்தந்தனர்.

அச்சு மையும் கரியே. ஆனால் நீர் அங்கே உதவாது. மரப்பலகை நீர்மையை ஏற்கும். 868ஆம் ஆண்டு அச்சிட்ட பௌத்த நூலாகிய வைர சூத்திரம் அவ்வாறு ஆனது. உலோக எழுத்திலோ நீர்மை திரண்டு உருளும். கூட்டன்பர்க், ஓவியரின் எண்ணெய் வண்ணத்தை ஒத்த பசைமையைக் கண்டார். அவருடைய வேதாகமத்தின் கறுப்பு ஐந்தரை நூற்றாண்டுக்குப் பின்னும் மங்கவில்லை. 1980களில் நடந்த ஆய்வில் அம்மையிற் செம்பும் ஈயமும் மிகுதியாய் இருப்பது தெரிந்தது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த கரியே பின்னர் எங்கும் வழங்கிற்று. தரங்கம்பாடியில் 1714–15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியபோது, ஓலைக்குக் கரி தடவிய நாட்டில் கரி தாளின்மேல் தானே எழுத்தாய் நின்றது.

ஓவியர் ரெம்பிராண்ட் கையால் வரைந்த படங்களிற் பெரும்பாலும் பழுப்பு மையையே விரும்பினார். செப்புத்தகட்டில் அறுத்து அச்சிட்டபோது மட்டும் கறுப்பைத் தேர்ந்தார். மத்தேயு பத்தொன்பதாம் அதிகாரத்தை ஒட்டி, கிறிஸ்து நோயாளரைக் குணமாக்குவதை 1648ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அமைத்த 'நூறு கில்டர்' அச்சுப்படம் இதற்குச் சான்று. இடப்பக்கம் தர்க்கிப்போர் நிற்குமிடம் ஏறக்குறைய வெறுந்தாள். வலப்பக்கம் நோயாளர் வரும் வழி கும்மிருட்டு. ஒளிக்கு அவர் எதையும் பூசவில்லை. இருட்டை மட்டும் அச்சிட்டார். பிரெஞ்சு ஓவியர் ரூவோ 1948இல் வெளியிட்ட 'மிசெரேரே' என்னும் 58 படங்களிலும் அந்தக் கறுப்பே பேசுகின்றது.

இறுதியாக, கரி மை நம் கல்விக்குச் செய்த ஓர் உதவியையும் ஓர் இடையூற்றையும் கூறவேண்டும். 1947 முதல் சவக்கடற் குகைகளிற் கிடைத்த சுருள்களிற் பெரும்பாலானவை கரி மையால் எழுதப்பட்டன. கும்ரான் இடிபாடுகளில் வெண்கலத்தாலும் களிமண்ணாலும் ஆன மைக்கூடுகளும் அகப்பட்டன. விதிவிலக்காக, ஆதியாகமக் கதைகளை அரமேயத்தில் விரித்துரைக்கும் சுருளில் மை தோலை அரித்துவிட்டது. பல துணுக்குகளில் தோல் கறுத்து, எழுத்தும் தோலும் கண்ணுக்கு ஒன்றாயின. ஆனால் அகச்சிவப்புக் கதிரைக் கரி விழுங்கும். கறுத்த தோலோ அதைத் திருப்பியனுப்பும். 1950களில் எருசலேமின் பலஸ்தீன அருங்காட்சியகத்துப் புகைப்படக்காரர் நஜீப் அல்பீனா இம்முறையில் எடுத்த படங்களில், கண்ணுக்குப் புலப்படாத வரிகள் வெளிப்பட்டன. நன்றியறிதற் பாடல்களின் சுருளை 2009இல் ஆராய்ந்தோர், அம்மையிலுள்ள குளோரின், புரோமின் விகிதம் சவக்கடற் பகுதி நீரை ஒத்திருப்பதைக் கண்டனர். மை கரைத்த நீர் அவ்விடத்து நீர் என்று அதனாற் கருதப்படுகின்றது.

இடையூறு வேறு. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை மூடிய எர்க்குலேனியத்தில் 1752 முதல் தோண்டியெடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாப்பிரசுச் சுருள்கள் வெந்து கரிக்கட்டைகளாய் இருந்தன. பிரித்தால் உதிரும். பிரிக்காமல் எக்ஸ்-கதிரால் நோக்கினால், ஏடும் கரி, எழுத்தும் கரி, வேறுபாடு தெரியவில்லை. இதே முறையை என்கேதியின் எரிந்த ஜெப ஆலயத்தில் 1970இற் கிடைத்த சுருளுக்குக் கையாண்டபோது, அதன் மையில் அடர்ந்த பொருள், பெரும்பாலும் உலோகம், இருந்தமையால் எழுத்துப் பளிச்சிட்டது. அது லேவியராகமத்தின் தொடக்கம் என 2015இல் அறிவிக்கப்பட்டது. ரபி இஸ்மவேல் விலக்கியது போன்றதொரு கலப்பே அச்சுருளை மீட்டது போலும்! எர்க்குலேனியச் சுருள்களுக்கோ அத்தகைய உதவி கிட்டவில்லை. கெண்டக்கிப் பல்கலைக்கழகத்து பிரென்ட் சீல்ஸ் குழுவினர் வெளியிட்ட கதிர்ப்படங்களில், மை படிந்த இடம் காய்ந்த சேறுபோல் நுண்ணியதாய் வெடித்திருப்பதை ஆர்வலர் சிலர் கண்டுகொண்டனர். கணினியை அதிற் பழக்கினர். 2023 அக்டோபரில் முதற்சொல் வெளிவந்தது. அது 'செந்நீலம்' என்னும் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பெப்ருவரிக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் படிக்கப்பட்டன.

இவற்றையெல்லாம் நாம் ஆர்வத்தோடு தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிற்றூர்ச் சேகரம் ஒன்றில் ஊழியஞ்செய்தோம். ஒரு மழைக்காலத்தில், ஞானஸ்நானப் பதிவேட்டை அலமாரிக்குள் வைக்காமல் மேலே வைத்துவிட்டுச் சென்றது நம் குற்றம். ஓட்டின் ஒழுக்கு அதன்மேல் விழுந்தது. திறந்தபோது, 1940களின் பக்கங்கள், பழைய நீலக்கறுப்பு இரும்பு மை, பழுத்திருந்தாலும் படிக்கும்படி நின்றன. 1970களின் பக்கங்களோ சாய மையால் எழுதப்பட்டவை. பெயர்களின் இடத்தில் நீலக் கறை மட்டுமே இருந்தது. அடுத்த மாதமே ஒரு தாயார் மகனுடைய பிறந்தநாளுக்குச் சான்று கேட்டு வந்தார். பள்ளிச் சான்றில் தவறாய் எழுதிய தேதியைத் திருத்தப் பதிவேட்டின் நகல் வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினோம். "ஐயா, அன்னைக்கு எழுதினதை நான் பக்கத்தில நின்னு பாத்தேனே" என்றார். மூப்பர் இருவர் சாட்சியோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். அலுவலகம் அதனை ஏற்கவில்லை.

அகச்சிவப்புக் கதிரும் அப்பக்கத்தில் உதவாது. கரைந்த சாயத்தில் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே குருவானவராகப் போகும் மாணவர்க்கு ஒன்று கூறுகின்றோம்: பதிவேட்டில் கரி மையால் எழுதுங்கள். அரக்குச் சேர்த்த வரைகலை மை நீருக்கு அசையாது. அதனைத் தொட்டெழுதும் பேனாவால் மட்டும் எழுதவேண்டும், ஊற்றுப்பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். இக்காலத்துக் கறுப்பு ஜெல் பேனாக்களுள்ளும் சாயமின்றி நிறமித்துகள் கொண்டவை உண்டு. பழந்தாள் ஒன்றில் எழுதி ஒரு நாள் நீரில் ஊறவைத்துப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். அச்சேகரத்தைவிட்டு மாறுமுன், மூப்பரும் தாய்மாரும் நினைவிலிருந்து சொல்லச்சொல்ல, கரைந்த பக்கங்களுக்கு எதிரே புதுத்தாள் ஒட்டிக் கரி மையால் எழுதிவைத்தோம். நாற்பத்தொரு பெயர்கள் கிடைத்தன. மூன்று வரிகளுக்கு ஒருவரும் பெயர் சொல்லவில்லை. அவற்றை வெறுமையாகவே விட்டோம்.